அம்மாவோடு ஒரகடத்தில் ஐந்து நாள்

என் மகன் தணிகை ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறான். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து அது ஒன்றும் சீமைக்குப் போகிற தூரமில்லை. இருந்தாலும் அறுபத்தெட்டு வயது வரைக்கும் நான் அங்கே போனதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவனே வந்துவிடுவான், நான் எதற்குப் போக வேண்டும்? இந்த முறை போனேன். எண்பத்தேழு வயதாகும் எங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

காரணத்தை மறைக்க ஒன்றுமில்லை. வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயாவை அதில் சேர்க்கலாம் என்று தணிகை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு தபா வந்து பாரும்மா. புடிக்கலன்னா இட்டுகினு போயிடு, யாரு கேக்கப்போறா?" என்றான்.

ஒரு மாதத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போன என் முட்டி மடங்கி நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. பால்காரர் வந்து குரல் கொடுக்கும் வரை ஈரத் தரையிலேயே இருந்தோம். அம்மா அதற்குள் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, "இன்னாடி, படம் இன்னும் போடல?" என்று கேட்டாள். இதை நான் தணிகையிடம் சொல்லவில்லை. பால்காரர் சொல்லிவிட்டார்.

நான்கு வருடமாக அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான். ஊட்டிவிடுவதும் நான், தலை வாரிவிடுவதும் நான். பெற்றவளை ராணி மாதிரி வைத்திருக்கிறாள் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேரை எவனோ கட்டிய இல்லத்துக்கு விட்டுக்கொடுப்பேனா? போவது, குற்றம் கண்டுபிடிப்பது, அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்புவது. இப்படி முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

முதல் நாள் பஸ்ஸில் அம்மா பாதி வழி தூங்கினாள், மீதி வழி முன்சீட்டுக்காரரின் வழுக்கைத் தலையைத் தட்டினாள். அவர் நல்ல மனுஷர். "தட்டட்டும்மா, எங்கம்மா பூட்டா. தட்ட ஆளில்ல" என்றார்.

கண்டக்டர் எங்களைத் தப்பான பக்கத்தில் இறக்கிவிட்டார். ரோடு என்றால் எங்கள் ஊர் ஏரிக்கரை மாதிரி நான்கை ஒட்டிப் போட்ட அகலம். தணிகை எதிர்ப்பக்கம் நின்று கையை ஆட்டுகிறான். நடுவில் கன்டெய்னர் லாரி, அதன் பின்னால் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் லாரி, மறுபடியும் கன்டெய்னர். ஓய்ந்த பிறகும் பயனில்லை, அம்மாவுக்குப் பத்து எட்டுக்கு மேல் கால் வராது. கம்பெனிச் சட்டை போட்ட வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேர் வந்து, கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி ஆக்கி, அம்மாவை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் இறக்கினார்கள். மீசை நரைத்தவர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று தணிகையைக் கேட்டேன்.

"அவங்கம்மாவத் தூக்க ஊர்ல ஆள் இல்லியாம். இங்க வந்து நம்ம ஆயாவத் தூக்குறாராம்."

அதை நான் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் கடைசி பஸ் போய்விட்டால் தெருவில் நாய்தான் இருக்கும். இங்கே எந்த நேரத்திலும் யாரோ வேலைக்குப் போகிறார்கள், யாரோ வருகிறார்கள். எல்லாருக்கும் கழுத்தில் ஒரு கயிறு, அதில் அட்டை. தணிகைக்கு அந்த வாரம் ராத்திரி வேலை, மருமகள் சுமதிக்குப் பகல் வேலை. இரண்டு பேரும் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

இரண்டாம் நாள் காலையில் இல்லத்துக்குப் போனோம். நடத்துகிறவர் ஸ்டெல்லா என்று ஒரு அம்மா, தெற்கத்திப் பேச்சு. நான் சும்மா சுற்றிப் பார்க்கிற ஆளில்லை. போர்வையை மோந்து பார்த்தேன். குளியலறைத் தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. சுவர் நெடுக்கப் பிடித்துக்கொள்ளக் கம்பி. சமையல்கட்டில் பருப்புக் குண்டானைத் திறந்தேன், அடிப்பிடிக்கவில்லை. ஒரு குறையும் கிடைக்காததில் எனக்கு ஆத்திரமே வந்தது.

அங்கே பதின்மூன்று பெண்கள் இருந்தார்கள். கூடத்தில் டிவி ஓடியது, எதிரே ஐந்தாறு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் அறையில். மதியம் குழைந்த சோறு, கீரைக் கூட்டு, ரசம். ரசத்தில் மிளகு போதாது, ஆனால் சொன்னால் சரியாகிற குறைதான். மேசைக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். அறைகளுக்குப் போன தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பின. அம்மாவுக்கென்று கொடுத்த கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு வாய் வாங்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சாயங்காலத்துக்குள் மூட்டையைக் கட்டினேன்.

அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வீட்டுக்குப் போகும் முன் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்றான் தணிகை. போனால் நடை இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். போர்டில் வட்டமும் கோடுமாக எழுத்து. கொரியாக்காரர்களுக்காம். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் எல்லா போர்டும் எனக்கு ஒன்றுதான். பக்கத்து மேசையில் இரண்டு கொரியாக்காரர்கள் குச்சியால் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். பரிமாறுகிறவருக்கு அந்த பாஷை தெரிந்திருந்தது. "வூட்டு சாப்பாடு மாதிரி இல்லன்னு பேசிக்கிறாங்க. தெனம் இதே பேச்சுதான், தெனம் இங்கதான் வராங்க" என்றார். எங்களுக்கும் ருசி பார்க்கக் காரம் பூசிப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கொஞ்சம் வைத்தார். நான் எலுமிச்சை ஊறுகாய் போட்டால் இவர்கள் நாடு திரும்பவே மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா? ஆயாவுக்கு ஒத்துக்கல" என்றேன்.

"அடுத்த தபா வுழுந்தா?" என்றான் தணிகை.

"நான் தூக்குவேன்."

"நீ வுழுந்தா?"

"நான் எதுக்குடா வுழுறேன்?"

"குந்தின எடத்துல இருந்து எந்திரிக்கவே செவுத்தப் புடிக்கிற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா?"

அவன் வேலைக்குப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் விடியும்போதே அம்மா விழித்துக்கொண்டு கதவைக் கதவைப் பார்த்தாள். வீடு தரைத்தளம். வாசலுக்கு நேரே டீக்கடை, கடையை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு. அணைத்துப் பிடித்தபடி கூட்டிப்போய் அதில் உட்காரவைத்தேன். ரோட்டோரம் முப்பது பெண்களுக்கு மேல் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை. அம்மாவுக்குப் பால் வாங்கத் திரும்பினேன். பால் பொங்க நேரமாயிற்று. டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தால் பெஞ்சில் ஆளில்லை. வரிசையும் இல்லை.

"பெரிம்மா, கூட வந்த ஆயா கம்பெனி பஸ்ல ஏறிப் போவுது! உனக்குத் தெரியாதா?" என்றார் டீக்கடைக்காரர்.

பத்து எட்டு நடக்க முடியாதவள் பஸ் ஏறிவிட்டாள். எந்த பஸ்? கண்ணுக்கு எட்டியவரை பஸ்தான் போகிறது, எல்லாம் வெள்ளை. தணிகைக்குப் போன் போட முடியாது, கம்பெனிக்குள் போகும்போதே போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் இருந்த சுமதியைக் கூப்பிடவும் தோன்றவில்லை. கையிலிருந்த பால் சிந்திச் சிந்தி அரை டம்ளர் ஆகிவிட்டது. நின்றிருந்த ஆட்டோக்காரரிடம் ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன், முட்டிக்குத்தான் தெரியும்.

"பஸ் பேர் இன்னாம்மா?"

"படிக்கலப்பா."

"சரி, அந்தப் பொண்ணுங்க கழுத்துல கயிறு இன்னா கலரு?"

"கிளிப்பச்ச."

"கிளிப்பச்ச ரெண்டு கம்பெனி கீதே. சட்ட?"

"கத்திரிப்பூ கலரு. காலர் மட்டும் வெள்ள."

"ஏறு. வல்லம் பக்கம்" என்றார்.

எழுத்து சரியாக வராததால் நான் எதையும் நிறம் பார்த்தே வைத்திருப்பவள். மாத்திரை அட்டையிலிருந்து பஸ் டிக்கெட் வரைக்கும் அப்படித்தான். படித்தவளாக இருந்தால் பேரைப் பார்த்திருப்பேன், பதற்றத்தில் மறந்தும் இருப்பேன். நிறம் மறக்கவில்லை.

வழியெல்லாம் லாரிச் சக்கரங்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். நடுவழியில் இறங்கியிருந்தால்? ரோட்டில் நடந்திருந்தால்? வேண்டாத சாமியில்லை.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியின் நாற்காலியில் எங்கம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஸ்டீல் தட்டு. கேன்டீன் பொங்கலும் வடையும். வீட்டில் ஒரு இட்லியை நான் அரை மணி நேரம் ஊட்டுவேன். இங்கே தன் கையாலேயே அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "இன்னாடி பச்ச, இப்பதான் வரியா? பொழுது எங்க வந்துட்டுது பாரு!" என்று அதட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பச்சை என்றால் நான்தான், பச்சையம்மாள். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து எங்கம்மா நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவள். விடியும்போது நாற்பது பெண்களைத் தலை எண்ணி டிராக்டரில் ஏற்றுவாள். சாப்பாட்டுப் பையோடு பெண்கள் நிற்கிறார்கள், வண்டி வந்து நிற்கிறது. அவள் வேறு என்ன நினைப்பாள்? ஏறிவிட்டாள்.

பஸ் டிரைவர் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். "உங்க அம்மாவா? நல்ல ஆளுமா! ஏறினதும் என் பக்கத்துல நின்னுகினு, 'வண்டிய எடுக்காத, ரெண்டு பேர் வரணும்'னுச்சு. யாரோ ஒருத்தரோட பாட்டி போலன்னு நெனச்சேன். 'ரெண்டு பை கீழ நிக்குது, ஆளக் காணோம்'னுச்சு. எட்டிப் பாத்தா நெசமா ரெண்டு பை! எடம் புடிக்க வெச்சிட்டு எங்கியோ பூட்டிருக்குதுங்க. அதுக்குள்ள ஓடி வந்துச்சுங்க. உட்டுட்டு வந்திருந்தா ஒரு நாள் லீவு போயிருக்கும்."

அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஜார்க்கண்ட் பெண்ணாம். உள்ளே போகும்போது இந்தியில் சொன்னதை டிரைவர் எனக்குத் தமிழில் சொன்னார். "இந்தப் பாட்டி நாளைக்கும் வருமான்னு கேட்டுச்சு."

திரும்பும்போது அம்மா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்து வந்தாள். நான்தான் சாய்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "ஆயா ஸ்ட்ராங்கா கீது. நீதான்மா டயர்டா கீற."

அன்று பூராவும் யோசித்தேன். எங்கள் ஊர்வழியாக ஏதாவது வண்டி போனாலும் அம்மா இப்படித்தான் ஏறுவாள். இந்த முட்டியோடு நான் எத்தனை வண்டியைத் துரத்துவேன்? அவளைப் பார்த்துக்கொள்ள என் இரண்டு கண்ணும் போதாது, இரண்டு கையும் போதாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தப் பொங்கல் தட்டு. பெண்கள் நாலு பேர் கூடி நிற்பதைப் பார்த்ததும் கால் வந்துவிட்டது, கை வந்துவிட்டது, அதட்டல் வந்துவிட்டது. நான்கு வருடமாக நான் அவளை ராணி மாதிரி வைத்திருந்தேன். ராணிக்கு என்ன வேலை? படுத்திருப்பதுதான் வேலை.

சாயங்காலம் தணிகை தூங்கி எழுந்ததும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இப்ப இன்னா பண்ணலாம், நீயே சொல்லு" என்றான்.

"நாளைக்கு அந்த ஸ்டெல்லாவண்ட போலாம். பேச வேண்டியது கீது" என்றேன்.

நான்காம் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போய், ஸ்டெல்லாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "எங்கம்மாவ இங்க உடறேன். ஆனா ஒண்ணு, அதுக்கு நீங்க வேல குடுக்கணும்" என்றேன்.

"என்னம்மா இப்படிச் சொல்லுதீங்க! இங்க இருக்க அம்மாமாரை வேலை வாங்கினா பிள்ளைங்க சண்டைக்கு வருவாங்க. எங்க அம்மாவை ரெஸ்ட் எடுக்கத்தான் விட்டோம்னு கேப்பாங்க."

"அந்தப் புள்ள நான்தான். நான் கேக்க மாட்டேன். வேல குடுக்கலன்னாதான் கேப்பேன்."

"கீழ விழுந்துட்டா?"

"வுழுந்தா தூக்க இங்க நாலு பேர் கீறாங்க. எங்க வூட்ல நான் ஒருத்தி. அதுக்குத்தாம்மா வந்தேன்."

இதைச் சொன்ன பிறகு எனக்கு மனசு இலேசாகிவிட்டது. நான்கு வருடத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. ஸ்டெல்லா பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு, "என்ன வேலைம்மா குடுக்கச் சொல்லுதீங்க?" என்று கேட்டார்.

"சாப்பாட்டுக்கு ஆள் சேக்குற வேல."

மதியம் மணி அடித்தார்கள். வழக்கம்போல ஐந்து பேர் வந்தார்கள். நான் அம்மாவின் காதருகில் போய், "ம்மா, ஆள் வரல. அஞ்சு பேர்தான் வந்திருக்காங்க" என்றேன்.

அம்மா எழுந்தாள். சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஸ்டெல்லா பின்னால் ஓரடி விட்டு, பிடிக்கத் தயாராகக் கையை நீட்டியபடியே போனார். முதல் அறையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், ரிடையர் ஆனவர். எல்லாரும் அவரிடம் மரியாதையாகத்தான் பேசுவார்களாம்.

"எழுந்திரு, நேரமாவுது" என்றாள் அம்மா.

"எனக்குப் பசியில்லைங்க. நீங்க சாப்பிடுங்க."

"உன் பசிய யாரு கேட்டா? ஆள் கொறையுது. எந்திரிடி!"

டீச்சரை 'டி' போட்டதில் எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். "யாருங்க இந்தம்மா? என் கிளாஸ்ல எனக்கே அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். அடுத்த அறையில் ஒருவர் வர மறுத்தபோது அம்மாவோடு சேர்ந்து அவரும் அதட்டினார். மேசைக்குப் பதின்மூன்று பேரும் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது, ரசம் ஆறிவிட்டது. ஆனால் நாற்காலி ஒன்றும் காலியில்லை. "மிளகு போதலியே" என்று ஒருவர் சொல்ல, மேசை பூராவும் ஆமாம் ஆமாம் என்றது. எனக்கு ஒரு வேலை மிச்சம்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அம்மாவைச் சேர்க்கும் காகிதத்தை எடுத்துவரச் சொன்னேன். விடிகாலையில் கம்பெனி பஸ் போகிற நேரத்துக்கு கேட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அம்மா கையில் என் நம்பர் எழுதிய பட்டை கட்ட வேண்டும், மாதத்தில் இரண்டு முறை நான் வந்து தங்குவேன், இதெல்லாம் அதில் எழுதச் சொன்னேன். தணிகை படித்துக் காட்டினான். கைநாட்டு மைக்காக ஒரு பெண் டப்பாவை எடுத்து வந்தாள். வேண்டாம் என்றேன். ப, ச், சை என்று ஒவ்வொரு எழுத்தாக என் பேரை நானே எழுதினேன். எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

அன்று ராத்திரி அம்மாவின் அறையிலேயே ஒரு பாய் போட்டுக் கொடுத்தார்கள். நான் நன்றாகத் தூங்கினேன். நடுவில் அம்மாவைப் பார்க்க வந்த பெண் என்னை மிதிக்காமல் தாண்டிப் போனாள் என்று காலையில் அவளே சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும். மணி அடிக்கும் முன்பே டீச்சர் வந்து அம்மாவின் கதவருகில் நின்றார். இரண்டு பேருமாக அறை அறையாகப் போனார்கள். கூட்டம் மேசைக்கு வந்தது. நானும் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கிளம்புவதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நேற்றிலிருந்து தெரியவில்லை. அழுவாளா, முந்தானையைப் பிடித்துக்கொள்வாளா என்று இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தபடி இருந்தேன்.

அம்மா மேசைத் தலைப்பில் நின்று விரலை நீட்டி எண்ணினாள். தன்னையும் சேர்த்துப் பதினாலு. விரல் என்னிடம் வந்து நின்றது.

"நீ இன்னாடி இங்க குந்திகினு கீற?"

"சாப்பிடறேம்மா."

"பதினாலு பேருக்குத்தான் ஆக்கியிருக்கு. நீ கணக்குல இல்ல. வூட்டுக்குப் போ, மாடு கத்தும்."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் என் தட்டை என் பக்கமே தள்ளி, "சாப்பிட்டுட்டே போங்க" என்றார். அம்மா அதற்குள் அடுத்த ஆளின் பக்கம் போய்விட்டாள். அந்த ஆளுக்குச் சட்னி வரவில்லையாம், பரிமாறும் பெண்ணை அதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டு இட்லியையும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன், யார் பார்த்தால் என்ன? வாசல் வரைக்கும் அம்மா வரவில்லை. வேலை நேரத்தில் அவள் யாரையும் வழியனுப்பியதில்லை.